பஞ்சடைத்த குழாய்

"அந்தக் கொழாயைச் செத்த தள்ளி வைக்கியளா? விலாவுல குத்துது!"

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும், கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில், ஞானபாக்கியம் வெடுக்கென்று திரும்பினாள். அவள் பார்த்தது முகத்தை அல்ல... அண்டா வாய் அகலத்தில் ஒரு ஒலிபெருக்கிக் குழாயை. அதற்குப் பின்னாலிருந்து மெல்ல எட்டிப் பார்த்தன இரண்டு கண்கள். மழை ஓய்ந்த கண்மாய் மாதிரி ததும்பி, பளபளத்து, சிரித்துக்கொண்டு...

"நான் என்ன செய்ய? என் மடியில என்னை விட அதுதான் பெருசா இருக்கு."

"அப்ப அதுக்கும் ஒரு டிக்கெட் எடுக்கணும்லா?"

"எடுத்தாச்சு. கண்டக்டர் அதைத்தான் நல்லா உக்கார வச்சாரு. நான்தான் தொத்திக்கிட்டு வாரேன்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். மடியிலிருந்த எண்ணெய்ப் புட்டியை இறுக்கிப் பிடித்தாள். வைத்தியர் காய்ச்சிக் கொடுத்த எண்ணெய். அப்பாவின் உச்சியில் தேய்த்தால் தூக்கம் வருமாம்.

இறங்கும்போது மழை கொட்டியது. புட்டியை முந்தானையில் பொத்திக்கொண்டு அவள் தயங்கி நிற்க, அவன் குழாயைக் கவிழ்த்து அவள் தலைக்கு மேலே பிடித்தான்.

"வாங்க... குடை."

நாலடி கூடப் போயிருக்க மாட்டார்கள். குழாயின் கழுத்து ஓட்டை வழியாக மழை சொட்டு சொட்டாக அவள் நெற்றியில் விழுந்தது.

"நல்ல குடைதான்!" என்று ஓடினாள். வீடு வந்து சேரும் வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் ஓடினாள்.

மறுநாள் காலை அந்தச் சிரிப்பு செத்தது.

எதிர் வீட்டு வேப்பமரத்தில் அதே குழாய், வாயைப் பிளந்துகொண்டு! கீழே கிராமபோன், பேட்டரிப் பெட்டி, அவன். பக்கத்தில் மளிகைக்கடைச் சங்கரலிங்கம்.

"சுதந்திரம் வரப்போவுதுல்லா! பதினஞ்சாந் தேதி வரைக்கும் நம்ம தெருவுல பாட்டுதான். ஏலே சின்னத்துரை, போடுலே!"

போட்டான். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. உள்ளே, பாயில், ஜெபதுரை எழுந்து உட்கார்ந்தார். நூற்பு மில்லில் இராத்திரி ஷிப்ட் முடித்து அப்போதுதான் படுத்திருந்தார். மகள் தேய்த்த எண்ணெய் கூட இன்னும் காயவில்லை.

"விடு தாயி. நல்ல காரியத்துக்குத்தான போடுதாவ..."

விடுவதா? போன மாதம்தான், அப்பாவோடு வேலை பார்க்கும் சின்னக்கருப்பன், நின்ற நிலையில் கண்ணசந்து, இரண்டு விரல்களை மிஷினுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அப்பாவின் கண்கள் ஏற்கெனவே மிளகாய்ப்பழம் மாதிரி இருக்கின்றன. இன்னும் நாலு நாள் இப்படிப் போனால்?

மத்தியானம் அவன் சாப்பிடப் போன நேரம். பாக்கியம் உரலை உருட்டிப் போட்டு மரத்தில் ஏறினாள். அப்பா விளக்குத் துடைக்கக் கொண்டுவந்திருந்த மில்லுக் கழிவுப் பஞ்சை, குழாயின் தொண்டை வரைக்கும் திணித்தாள். ஒன்றும் தெரியாதவள் போல வந்து அரிசி புடைத்தாள்.

திரும்பி வந்தவன் தட்டைச் சுற்றினான். முனகல்தான் வந்தது. ஊசியை மாற்றினான். பெட்டியைப் பிரித்தான். கம்பியைக் கடித்துப் பார்த்தான். சங்கரலிங்கம் கத்தத் தொடங்கியபோது மரத்தில் ஏறி, உள்ளே கைவிட்டு, வெள்ளை வெளேரென்று உருவினான்...

அவன் பார்வை நேராக அவள் ஜன்னலுக்கு வந்தது.

செத்தோம் என்று நினைத்தாள்.

"எந்தப் பய வேலைலே இது?" கீழேயிருந்து இரைந்தார் சங்கரலிங்கம்.

"யாரும் இல்ல அண்ணாச்சி. மில்லு ஊருல்லா... பஞ்சு பறந்து வந்து அடைச்சிருக்கு."

ஒரு தலையணைக்கு ஆகும் பஞ்சு பறந்து வந்ததாம்! கடைக்காரர் போன பிறகு வாசலில் வந்து நின்றான். இந்தத் தடவை கண்ணில் சிரிப்பில்லை.

"உங்க வீட்டுப் பஞ்சு. இந்தாங்க."

"வச்சுக்கிடுங்க. நாளைக்கும் அடைப்பேன்."

"இது என் சொந்தக் கச்சேரியா? நாட்டுக்கே விடுதலை. எம்புட்டுக் காலம் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தோம்? இப்பயாவது வாயைத் திறக்கக் கூடாதா?"

"நல்லாத் திறங்க! எங்கப்பா காதுல ஏன் திறக்குதிய? ராத்திரி பூரா மிஷின்ல நிக்கிற மனுசன். தூங்காம போனா அவிய கை என்ன ஆகும்? உங்க சுதந்திரம் வந்து போன விரலை ஒட்டவைக்குமா?"

அவன் முகம் சிவந்து, பஞ்சை மடியில் கட்டிக்கொண்டு திரும்பினான். சாயந்திரம் பார்த்தால் வேப்பமரம் மொட்டையாக நின்றது.

தெரு அமைதியாகிவிட்டது. அப்பா குறட்டை விட்டுத் தூங்கினார். அவளுக்குத்தான் தூக்கம் போயிற்று. 'நான் கேட்டது நியாயம்தான... ஆனா இம்புட்டுக் கடுசாவா கேக்கணும்? பஞ்சு பறந்து வந்துச்சுன்னு எனக்காகப் பொய் சொன்னவர்கிட்ட...' போய்ச் சொல்லலாம் என்று வாசல் வரைக்கும் வருவாள். நான் ஏன் போகணும் என்று திரும்புவாள். ஊர் எல்லையில் எங்கோ அவன் குழாய் பாடுவது கொசு ரீங்காரம் போல வரும். காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள்.

பதினைந்தாம் தேதி விடிந்தது. ஷிப்ட் முடித்து வந்த அப்பா, கஞ்சியைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் படுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஊர்வலம் கிளம்பியது. மேளம், பாட்டு, கோஷம்... நெருங்கி, நெருங்கி, தெரு முக்குக்கு வந்தது.

சட்டென்று எல்லாம் நின்றது.

பாக்கியம் ஜன்னலுக்கு ஓடினாள். மேளக்காரர்கள் குச்சியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்கள். பிள்ளைகள் உதட்டில் விரல் வைத்திருந்தார்கள். நூறு ஜனமும் கொடியும், பூனை மாதிரி அடி எடுத்து வைத்து வந்தார்கள். முன்னால், தோளில் குழாயைத் தூக்கிக்கொண்டு சின்னத்துரை. குழாயின் வாயில்... அவள் பஞ்சு!

"ஏன் தாயி சத்தம் நின்னு போச்சு?"

பின்னால் அப்பா! பதறி எழுந்து நின்றார். "மேளம் மிஷின் மாதிரி ஒரே சீரா அடிக்கிற வரைக்கும் ஒண்ணும் இல்ல. நின்னா முழிப்புத் தட்டிரும் எனக்கு. நூலு அந்துபோச்சோன்னு..."

வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "ஏன் அண்ணாச்சி, எழவு வீட்டுக்குப் போற மாதிரி போறிய?"

"எல்லாம் உம்ம தூக்கத்துக்குத்தான்வே!" சங்கரலிங்கம் ரகசியக் குரலில் இரைந்தார். "இந்தத் தெருவுல மூச்சு விடக் கூடாது, இல்லைன்னா பாட்டு செட்டைக் கழட்டிட்டு ஊருக்குப் போயிருவேன்னு இந்தப் பய ஒத்தக் கால்ல நின்னுட்டான்!"

ஜெபதுரை அவனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பஞ்சைப் பார்த்தார்.

"இன்னிக்கு ராத்திரி மில்லு லீவுப்பா. நான்தான் வீட்டுல சொல்லல. வருசத்துல ஒரு நாள் முழிச்சிருந்தா ஒண்ணும் ஆகாது... அடிங்கய்யா மேளத்தை! நாளையில இருந்து தூங்க விடுங்க, போதும்."

கொடியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மேளம் இடித்தது. வேப்ப இலையெல்லாம் குலுங்கிற்று. அதன் பிறகு ரொம்ப வருஷத்துக்கு அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. ஷிப்ட் முடித்து ஆள் தூங்கும் வீட்டு வாசலில் ஒரு பிடி பஞ்சு தொங்கும். எந்தத் திருவிழாக் குழாயும் அதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

ஊர்வலம் நகர்ந்தது. அவன் மட்டும் பின்தங்கினான். பாக்கியம் வாசலுக்கு வந்தாள். தூறல் விழுந்தது... அன்றைக்குப் போலவே. குழாயைக் கவிழ்த்து அவள் தலைக்கு மேலே பிடித்தான். பஞ்சு அடைத்திருந்ததால் இந்தத் தடவை சொட்டவில்லை.

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டியன்னு நினைச்சேன்" என்றாள், தரையைப் பார்த்து.

"கோவம்தான். எனக்குத் தோணாம போச்சேன்னு என் மேலதான் கோவம்." பிறகு ஏதோ சொன்னான். உதடு மட்டும் அசைந்தது.

"கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

"தெருவுல ஆள் தூங்குவாவ..."

"இன்னிக்கு யாரும் தூங்கல. சொல்லுங்க."

"உங்களைத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு. பஸ்ஸுல திட்டுனியளே... அப்பவே." மூச்சு வாங்கினான். "அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்து உங்கப்பாகிட்டக் கேக்கட்டுமா? நாளைக் கழிச்சு, காலையில?"

பாக்கியம் முந்தானையை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். வீட்டுக்குள் இரண்டடி போய்த் திரும்பினாள்.

"காலையில வேண்டாம்... அப்பா தூங்கி எந்திரிச்ச பொறவு வாங்க."