யாரும் அபினாவிடம் கேட்கவில்லை

2024 பிப்ரவரி 5, திங்கட்கிழமை. இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே, கடற்கரையோரப் பள்ளி ஒன்றின் முற்றம் முழுவதும் சிமென்ட் கல் பதித்திருந்தது. புன்னை மரத்தடியிலும் மண் இல்லை.

பத்து நாள் ஊர்த் திருவிழா விடுமுறை முடிந்து வந்த அபினா, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, பாத்தியா? துபாய்ல இருக்க நம்ம ஊரு மாமாமாரு குடுத்தது. சூப்பரா இருக்குல்லா?" என்றான் உடன் படிக்கும் டிஜோ.

"என் மண்ணு எங்கல?"

"கல்லுக்கு அடியிலதான் கெடக்கு. தோண்டி எடு!"

அபினா ஐந்தாம் வகுப்பு. அவளுக்கு ஆட்டிசம் உண்டு. மணியடித்தால் மற்றவர்களுக்குக் காதில் கேட்கும். அவளுக்குப் பல்லில் கேட்கும். ஒவ்வொரு இடைவேளையிலும் புன்னையடி ஈரமண்ணில் கணுக்கால்வரை காலைப் புதைத்துக்கொள்வாள். மண் குளிரக் குளிரத் தலைக்குள் இருக்கும் இரைச்சல் இறங்கும். பிறகுதான் அடுத்த பாடம்.

அன்றைய முதல் இடைவேளைக்குப் பிறகு அவள் வகுப்புக்குப் போகவில்லை. மரத்தடியில் நின்று கல்லை உதைத்தாள். கத்தினாள்.

தலைமை ஆசிரியர் ராஜமணி டீச்சர் ஓடி வந்தார். எந்தப் பிள்ளையையும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார். "மக்களே, கத்தாத. ஒனக்குத் தனியா ஒரு ரூம் தாறேன். ஃபேன் போட்டுத் தாறேன்."

"ரூம் வேண்டாம். மண்ணு வேணும்."

"யூனிபார்ம் அழுக்காவுதேன்னு ஒனக்காகத்தான் மரத்தடியிலயும் போடச் சொன்னேன்."

அபினாவுக்கு முகம் சிவந்தது. "எனக்காகவா? எங்கிட்ட கேட்டீங்களா?"

டீச்சர் அவள் கையைப் பிடிக்க வந்தார். அபினா விலகிக்கொண்டாள்.

"செருப்பக் கழத்துங்க டீச்சர். பத்து எண்ணுற வரைக்கும் அந்த வெயில் கல்லுல நில்லுங்க."

மர நிழலுக்கு வெளியே, பதினொன்றரை மணி வெயிலில் கல் சுட்டுக் கிடந்தது. டீச்சர் செருப்பைக் கழற்றினார்.

"ஒண்ணு. ரெண்டு..."

"ஏசுவே!" மூன்றுக்குள் டீச்சர் துள்ளிச் செருப்பில் ஏறிவிட்டார். ஜன்னல் வழியே மொத்த வகுப்பும் சிரித்தது. அபினா சிரிக்கவில்லை. டீச்சரின் கையைப் பிடித்துப் பள்ளி வாசலுக்கு வெளியே கூட்டிப்போனாள். பிள்ளைகள் தனியாகப் போகக் கூடாத இடம் அது. அங்கே, தெருக்குழாய் ஓரத்தில், இன்னொரு புன்னை இருந்தது. அதன் நிழலில் ஈரமண்.

"இப்ப இங்க நில்லுங்க."

டீச்சர் வெறுங்காலை வைத்தார். விரல்கள் மெதுவாகப் புதைந்தன.

"ஒண்ணு. ரெண்டு. மூணு..." அபினா பத்துவரை எண்ணினாள். டீச்சர் அசையவில்லை.

"முடிஞ்சுது டீச்சர்."

"இன்னும் ஒரு பத்து எண்ணு மக்களே."

எண்ணி முடித்ததும் டீச்சர் சொன்னார்: "கேட்டிருக்கணும். கேக்கல. எந் தப்புதான்."

"ஆமா. தப்புதான்," என்றாள் அபினா.

புதன்கிழமை காலை வேலையாட்கள் இரண்டு பேர் வந்து புன்னையைச் சுற்றியிருந்த கற்களைப் பெயர்த்து எடுத்தார்கள். அபினா அன்று எல்லாப் பாடத்துக்கும் வகுப்பில் இருந்தாள். கோபம் மட்டும் வெள்ளிக்கிழமை வரை தீரவில்லை.