துடைத்த புள்ளி

பொங்கலன்று பகல் மூன்று மணிக்கு அமலி வந்தார். கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். கையில் ஒரு சாவிக்கொத்து.

"ஏனுங்க தம்பி, உள்ள வரலாங்களா? என்னையத் திருடின்னு சொல்லிப்போட்டாங்க."

வின்ஸ்டன் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டான். போத்தனூர்ப் பங்குக் கோயிலில் பார்த்துப் பழகிய முகம். தீப்பிடித்த கடை, திருடுபோன நகை என்று காப்பீட்டுப் பணம் கேட்பவர்கள் சொல்வது உண்மைதானா என்று விசாரிப்பது அவனுடைய வேலை. ஏப்ரலில் மனைவி ஜோவிதா இறந்த பிறகு நீண்ட விடுப்பில் இருந்தான்.

பக்கத்து வீட்டுப் பாலகோபால் ஏற்கெனவே உள்ளே இருந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தூக்குப்போசியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வின்ஸ்டன் தின்னும்வரை போவதில்லை என்று உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, கேஸு வந்திருக்குது!" என்றார்.

"முதல்ல அவங்க உக்காரட்டுங்க."

அமலி உட்கார்ந்தார். பதினோரு வருடமாகப் பீளமேட்டில் சீனிவாசலு வீட்டில் வேலை. ஒரு காலத்தில் மில் வைத்திருந்த குடும்பம். வீட்டில் சீனிவாசலு, மகன் ரவிதேஜா, மருமகள் பிரத்யுஷா. பொங்கலுக்கு வீடு முழுக்கச் சுத்தம் செய்து, புதுப் பெயிண்ட் அடித்து, படங்களை மாற்றி மாட்டியிருந்தார்கள். எழில் என்ற அலங்கார வடிவமைப்பாளர்தான் எல்லாம் பார்த்துக்கொண்டார்.

"போன சனிக்கிழமை பழைய படத்தையெல்லாம் எறக்கித் தொடச்சனுங்க. அதுல பெரியய்யா சம்சாரம் கனகம்மா வரைஞ்சது ஒண்ணு. பவானி கூடுதுறை, ஒரு பரிசல் போகும். அவங்க செத்து ஏழு வருஷமாச்சு. அந்தப் பரிசல் மேல பாசிப்பயறாட்ட ஒரு வெள்ளப் புள்ளி, முன்னொருக்கா செவுத்துக்கு அடிச்ச பெயிண்ட் தெறிச்சது. தேங்காயெண்ணெ தொட்டுச் சுரண்டி எடுத்துப்போட்டேன். சுத்தமாப் போயிருச்சுங்க."

"சரி."

"இன்னைக்குக் காலைல கோலம் போட்டுட்டு உள்ள வந்து பாக்கறேன், அந்தப் புள்ளி அங்கயே இருக்குதுங்க."

பாலகோபால் நாற்காலி நுனிக்கு வந்தார். "திரும்ப வந்துருச்சா?"

"சுரண்டுனேன், போகலீங்க. தடவிப் பாத்தா வழுவழுன்னு இருக்குது. கனகம்மா பெயிண்ட்டக் கெட்டியா வெப்பாங்க, துணி மாட்டும். இதுல எதுவுமே மாட்டல. இது நம்ம படம் இல்லீங்கன்னு பெரியய்யாகிட்டச் சொன்னேன். ரவி தம்பி எறக்கிப் பாத்துட்டு, மெஷின்ல அச்சடிச்ச துணின்னாரு. அப்புறம் எல்லாரும் என்னையப் பாத்தாங்க."

"ஏன்?"

"நேத்துச் சாயங்காலம் ஊட்ல நான் மட்டுந்தானுங்க இருந்தேன். பெரியய்யா காப்புக் கட்டிப்போட்டு, மூணு பேரும் ஒரே கார்ல கோயிலுக்குப் போனாங்க, ஆண்டாள் கல்யாணத்துக்கு. அஞ்சரைக்குப் போயி எட்டு மணிக்குத்தான் வந்தாங்க."

"நீங்க கூடத்துலயே இருந்தீங்களா?"

"இல்லீங்க. ஆறு மணிக்கு மொட்டை மாடிக்குப் போனேன். தொவச்ச திரைச்சீலை இருபது. எடுத்து மடிச்சு எறங்க முக்கா மணி நேரம் ஆச்சு. கதவப் பூட்டிட்டுத்தான் போனேன்."

அமலி சாவிக்கொத்தை மடியில் வைத்தார். "ஒம்போது ஊட்டுச் சாவிங்க இது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள படம் வரலீன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பேன்னுட்டாரு பெரியய்யா. எழுதிக் குடுத்தா ஒம்போதும் போச்சுங்க. யாரு தருவாங்க?"

அவர் பார்வை சுவர் ஆணிக்குப் போயிற்று. அங்கே இந்த வீட்டுச் சாவிகள் இரண்டு தொங்கின. ஒன்றின்மேல் தூசி படிந்திருந்தது. மூலைகளில் ஒட்டடை. அமலி அதையும் பார்த்தார்.

"நாளைக்குக் காலைல வர்றேங்க" என்றான் வின்ஸ்டன்.

வெள்ளிக்கிழமை காலை பீளமேட்டு வீட்டுக் கூடம் புதுப் பெயிண்ட் வாசனையோடு இருந்தது. சாம்பல் நிறச் சுவர்கள். பெரிய பெரிய வட்டங்களும் கோடுகளுமாக நான்கு புதுப் படங்கள். வாசல் நிலையில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டிய காப்பு. பொங்கலுக்கு முந்திய மாலை, சுத்தம் செய்த வீட்டுக்கு இங்கே எல்லோரும் கட்டுவது.

போலிப் படம் மேசைமேல் கிடந்தது. வின்ஸ்டன் லென்ஸ் வைத்துப் பார்த்தான். தண்ணீரும் பரிசலும் நுண்ணிய புள்ளிகளாகச் சிதறின. வெள்ளைப் புள்ளியும் அச்சில்தான் இருந்தது.

"அமலியத் தவிர யாருகிட்டயும் சாவி இல்ல" என்றார் சீனிவாசலு. எழுபதைத் தாண்டியவர். குரலில் கோபத்தைவிடச் சோர்வு அதிகம். "அவ நல்லவதாங்க. ஆனா வேற யாரைச் சொல்ல?"

"பிரேம் புதுசா இருக்குதுங்களே, யாரு மாத்தினது?"

பிரத்யுஷா பதில் சொன்னார். "உக்கடத்துல அஃப்தாப் பாய். திங்கக்கிழமை எடுத்துட்டுப் போயி, செவ்வாக்கிழமை சாயங்காலம் அவரே மாட்டிட்டுப் போனாரு. எழில் அதுக்கு முன்னாடியே, டிசம்பர்லயே வந்து எல்லாச் செவுத்தையும் போட்டோ எடுத்து பிளான் போட்டாருங்க."

"அந்தப் பிளானை எனக்கு அனுப்புங்க."

வெளியே வந்ததும், கூட வந்திருந்த பாலகோபால் கிசுகிசுத்தார். "மருமகதான் தம்பி. இத்தன வட்டத்துக்கு நடுவுல மாமியா வரைஞ்ச பரிசலு அதுக்கு எப்படிங்க புடிக்கும்?"

"பிடிக்காதவங்க தூக்கிப் பரண்ல போடுவாங்க. காப்பி எடுத்து மாட்ட மாட்டாங்க."

"அப்ப பாய்தான். ஒரு ராத்திரி பூரா படம் அவருகிட்ட இருந்திருக்குது."

வின்ஸ்டன் அஃப்தாபுக்குப் போன் செய்தான்.

"வெள்ளைப் புள்ளியா? அப்படி ஒண்ணும் இல்லீங்களே" என்றார் அஃப்தாப். "மாட்டி முடிச்சுட்டு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேனுங்க. நம்ம வேலைய நாமதான சொல்லிக்கோணும்? இருங்க, அனுப்பறேன்."

படம் வந்தது. செவ்வாய் மாலை ஆறு பத்து. வின்ஸ்டன் பெரிதாக்கினான். பரிசல்மேல் புள்ளி இல்லை. அதற்குள் பிரத்யுஷா அனுப்பிய டிசம்பர் பிளானும் வந்திருந்தது. அதைத் திறந்தான். புள்ளி இருந்தது.

"பாய் இல்லீங்க" என்றான்.

"பின்ன யாரு?"

"எழிலைப் பாத்துட்டுச் சொல்றேன்."

மாட்டுப் பொங்கலாயிருந்தும் ராமநாதபுரத்தில் எழிலின் அலுவலகம் திறந்திருந்தது. முப்பத்தைந்து வயது. மலர்ந்த முகம்.

"அடுத்த வாரம் ஒரு கிரகப்பிரவேசம் இருக்குதுங்க, லீவே இல்ல. உக்காருங்க, காப்பி சொல்றேன். கேள்விப்பட்டேன், பாவம் அந்த அம்மா. கஷ்டப்படறவங்கதான?"

"புதன்கிழமை சாயங்காலம் நீங்க எங்க இருந்தீங்க? எல்லாருகிட்டயும் கேக்கறோம்."

"கேளுங்க, கேளுங்க. தொண்டாமுத்தூர்ல, பெரியப்பா ஊட்ல. வருஷா வருஷம் அங்க காப்புக் கட்டறது நான்தானுங்க. ஆறு மணிக்கு ஏணிமேல நின்னுட்டிருந்தேன். பூளைப்பூ மூக்குல ஏறி ஒரே தும்மல்!" சிரித்தார்.

பாலகோபாலும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சுவர்களைப் பார்த்தார். துணி மாதிரிகள். வண்ண அட்டைகள். பலகை ஒன்றில் பெயர்ச்சீட்டு ஒட்டிய சாவிகள்.

"என்னங்க இது, சாவிக் கடையாட்டவே இருக்குது?"

"வேலை நடக்கற ஊட்டுச் சாவிங்க. முடிஞ்சதும் குடுத்துருவோம்."

மேசைக்குப் பின்னால் சந்தன மாலை போட்ட ஒரு புகைப்படம். மீசை வைத்த முதியவர். கீழே, 'அமரர் ஆறுச்சாமி, தொண்டாமுத்தூர். தோற்றம் 3.5.1951, மறைவு 21.8.2025.'

"பிரேம் அம்சமா இருக்குதுங்க. யாரு இவரு?" என்றார் பாலகோபால்.

"பெரியப்பா. என்னையப் படிக்க வெச்சவரு."

வின்ஸ்டன் காப்பியைக் குடித்து முடித்தான். டம்ளரை வைத்தான்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பீளமேட்டுக்கு வந்துருங்க" என்றான்.

ஐந்து மணிக்கு எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். அமலி சமையலறைக் கதவோரம் நின்றார். வின்ஸ்டன் நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் போட்டுவிட்டு வந்தான். அவர் உட்காரும்வரை பேசவில்லை.

"இந்தப் போலிப் படத்துல ஒரு வெள்ளைப் புள்ளி இருக்குது. அமலி அக்கா அதைச் சனிக்கிழமை சுரண்டி எடுத்துட்டேன்னு சொல்றாங்க. அது உண்மைதான். செவ்வாக்கிழமை அஃப்தாப் பாய் எடுத்த போட்டோவுல புள்ளி இல்ல. அப்படின்னா போலிக்கு மூலமான போட்டோ சனிக்கிழமைக்கு முன்னாடியே எடுத்தது. பாய் கைக்குப் படம் வந்தப்ப அதுல புள்ளியே கிடையாது. அவரு காப்பி எடுத்திருந்தா அதுலயும் இருக்காது."

"அமலி?" என்றார் ரவிதேஜா.

"புள்ளிய எடுத்தவங்களே புள்ளி வெச்ச படத்தைக் கொண்டுவந்து மாட்டுவாங்களா? மாட்டிட்டு, இது நம்ம படம் இல்லன்னு அவங்களே வந்து சொல்லுவாங்களா? இத்தன பேர்ல அந்தப் படத்தை உத்துப் பாத்தது அவங்க ஒருத்தர்தான்."

சீனிவாசலு தலையைக் குனிந்துகொண்டார்.

"டிசம்பர்ல எழில் எடுத்த போட்டோவுல அந்தப் புள்ளி இருக்குது."

"ஐயோ, அந்தப் பிளான் இவங்க எல்லாரு போன்லயும் இருக்குதுங்களே" என்றார் எழில். முகம் இன்னும் மலர்ந்தே இருந்தது.

"இருக்குது. அதனால போட்டோவை வெச்சு முடிவு பண்ணல. பொய் சொன்னவரைத் தேடுனேன். புதன்கிழமை ஆறு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"சொன்னனேங்க. தொண்டாமுத்தூர்ல காப்புக் கட்டிட்டிருந்தேன்."

"உங்க பெரியம்மாவுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல வெச்சு, காப்பு எந்த மூலையில கட்டுனேன்னு கேளுங்க."

எழில் போனை எடுத்தார். திரையைப் பார்த்தார். விரல் நகரவில்லை.

பாலகோபாலின் வாய் மெல்லத் திறந்தது. "அட! பெரியப்பா செத்தது ஆகஸ்ட்டு! வருஷங்கூடத் திரும்பல!"

"ஆமாங்க. சாவு விழுந்த வீட்டுல அந்த வருஷம் பொங்கல் இல்ல. வெள்ளையடிக்க மாட்டாங்க, காப்புக் கட்ட மாட்டாங்க. இது இங்க எல்லாருக்கும் தெரியும், எழிலுக்கும் தெரியும். ஆனா எங்க இருந்தீங்கன்னு கேட்டதும் வருஷா வருஷம் செய்யறது வாயில வந்துருச்சு. இந்த வருஷம் செய்யலங்கறது மறந்து போச்சு."

வாசல் நிலைக் காப்பைப் பார்த்தான்.

"கிறிஸ்துமஸுக்கு எங்க தெருவுல ஒரு வீட்டுலதான் நட்சத்திரம் கட்டல. அது என் வீடு. அப்படி இருந்தும், பண்டிகைக்கு என்ன செஞ்சேன்னு ஒருத்தர் கேட்டப்ப, நட்சத்திரம் கட்டுனேன்னு சொல்லிட்டேன். அதனால இந்தப் பொய் எனக்குக் காதுல விழுந்துச்சு."

பிரத்யுஷா பக்கம் திரும்பினான்.

"பிரத்யுஷா மேடம், வேலை நடந்தப்ப எழிலுக்கு ஒரு சாவி குடுத்தீங்களா?"

பிரத்யுஷா கையால் வாயைப் பொத்தினார். "குடுத்தேன். திரும்ப வாங்கவே இல்ல."

எழில் தரையைப் பார்த்தபடி சொன்னார். "கிரகப்பிரவேசம் வெக்கறவரு பிளான்ல அந்தப் படத்தப் பாத்துட்டு, அதுதான் வேணும்னாருங்க. ஐயாகிட்ட ஒருக்கா வெலைக்குக் கேட்டேன், சிரிச்சுட்டாரு. அந்தக் கிரகப்பிரவேசக்காரருகிட்டத் தர்றேன்னு வாக்குக் குடுத்துப்போட்டேன். அந்தம்மா மாடியில துணி எடுக்கறதத் தெருவுல இருந்து பாத்தேன், பத்து நிமிஷத்துல... கொடவுன்ல ஜமக்காளத்துல சுத்தி வெச்சிருக்குதுங்க. ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகலயா?" என்றார் பாலகோபால். "அந்தம்மா மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

எழில் பார்க்கவில்லை.

ஏழு மணிக்குப் படம் வீட்டுக்கு வந்தது. சீனிவாசலு பரிசல்மேல் விரலை வைத்துத் தடவினார். பெயிண்ட் மேடாக இருந்தது. விரலை எடுக்க அவருக்கு நேரம் ஆயிற்று. பிறகு திரும்பினார்.

"அமலி, தப்பாப் பேசிப்போட்டேன் கண்ணு. மனசுல வெச்சுக்காத. நாளைக்கு வந்துரு."

அமலி கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினார். வளையம் இறுக்கம், நகம் மாட்டி நேரம் பிடித்தது. சாவியை மேசைமேல் வைத்தார்.

"வாரேனுங்க. ஆளு இருக்கறப்ப வாரேன். சாவி வேண்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வின்ஸ்டன் வீட்டு வாசலில் அமலி நின்றார். கையில் நீளமான ஒட்டடைக்குச்சி. பின்னால் பாலகோபால் ஏணியோடு.

"நான் கூப்பிடலீங்களே" என்றான் வின்ஸ்டன்.

"அந்த மூலையப் பாத்துட்டுப் போனவளுக்குத் தூக்கம் வருமுங்களா? தள்ளுங்க தம்பி."

"தள்ளு தம்பி, ஏணி கனமா இருக்குது" என்றார் பாலகோபால்.

மதியத்துக்குள் ஒட்டடை போயிற்று. ஜன்னல் கம்பிகள் நிறம் மாறின. கிளம்பும்போது அமலி சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார்.

"ஒம்போது இருந்த வளையம். எட்டுதான் இருக்குது, லொடலொடன்னு ஆடுதுங்க."

வின்ஸ்டன் ஆணியைப் பார்த்தான். ஜோவிதாவின் சாவி. அமலி அதையும் துடைத்துத்தான் மாட்டியிருந்தார். ஒன்பது மாதம் யாரும் தொடாதது.

எடுத்துக் கொடுத்தான்.