வேலிக்கு இந்தப் பக்கம்

காலையில் அந்த வேலிக்கம்பம் குவியலுக்கு முன்னால் நின்றது. மதியம் அவள் நிமிர்ந்து பார்த்தபோது பின்னால் போயிருந்தது.

மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்த கத்தி கையிலேயே நின்றுவிட்டது. வீட்டின் பின்னறைதான் அவளுடைய பட்டறை. நகரத்துப் பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத யார் யாருக்கோ பல் செட் செய்து கொடுப்பது அவள் தொழில். நாள் முழுக்க அரிசி அரிசியாய்ப் பற்களைப் பார்ப்பவளுக்குக் கண் சில நேரம் விளையாட்டுக் காட்டும். மூடித் திறந்தாள். வெட்டிப்போட்ட கிளைகளின் இடுக்கில், கம்பத்தின் சுண்ணாம்பு பூசிய தலை மட்டும், யாரோ ஒளிந்திருந்து எட்டிப் பார்ப்பதுபோல் தெரிந்தது.

குவியல் வேலிக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது. வேலிக் கம்பி அறுபடவில்லை.

போன கோடையில் மலை முகடு வரை ஏறி வந்த காட்டுத்தீ, காற்று திசை மாறியதால்தான் இவர்கள் வீட்டை விட்டுவைத்தது. அதனால் இந்த ஆண்டு வெயில் முற்றுவதற்கு முன்பே, தனியார் நிலங்களை ஒட்டிய காட்டைக் குறைக்க வனத்துறை ஆள் இறக்கியது. தாழ்ந்த கிளைகளைக் கழித்தார்கள், புதர்களை வேரோடு பிடுங்கினார்கள், வேலிக்கு அப்பால் அகலமாக ஒரு பட்டை நிலத்தை மண் தெரியச் சுத்தம் செய்தார்கள். கழித்ததையெல்லாம் ஆள் உயரத்துக்கு மேல் குவியல் குவியலாக வரிசையில் அடுக்கி வைத்தார்கள். முதல் மழை விழுந்து தரை நனைந்த பிறகு கொளுத்துவதாக ஏற்பாடு. அந்தக் குழுவுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுவது அவள் புருஷன். எல்லாம் நல்லதற்குத்தான். ஆனால் அதுவரை புதர்களுக்குப் பின்னால் இருந்த வீடு, குளிக்கும்போது கதவு திறந்துகொண்டவன் போல, காட்டின் கண்ணெதிரே வெட்டவெளியில் நின்றது.

"அத்தை, இன்னைக்கு வேலையாளுங்க யாராச்சும் வந்தாங்களா?" என்று கூடத்துக்குக் குரல் கொடுத்தாள்.

மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. வெளிச்சமும் நிழலும் தெரியும்; முகம் தெரியாது.

"யாரும் வரல. வெறகு மட்டும் யாரோ இழுத்துட்டே இருந்தாங்க."

"எப்ப?"

"நீ அந்தப் பல்லு ராவுற மோட்டாரைப் போட்டா இழுப்பாங்க. நிறுத்தினா அவங்களும் நிறுத்திடுவாங்க. எனக்குக் கண்ணுதான் போச்சு பொண்ணே, காது ரெண்டும் கழுதைக்கு நிக்கிற மாதிரி நிக்குது."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது புருஷனிடம் சொன்னாள். டீசல் வாடையோடு உட்கார்ந்திருந்தவன் சிரித்தான்.

"மேஸ்திரி நகர்த்தியிருப்பாரு."

"வேலியைத் தாண்டியா?"

"பல்லையே பாத்துப் பாத்து உனக்கு எல்லாமே கடிக்க வர மாதிரி தெரியுது" என்றான். மாமியாரும் சிரித்தாள். அவளும் சிரித்துவைத்தாள்.

மறுநாள் காலை மேஸ்திரியே வந்தார். காட்டுவேலையில் முதுகு வளைந்த, அதிகம் பேசாத மனிதர். குவியலைச் சுற்றி நடந்தார், குனிந்து தரையைப் பார்த்தார். இழுத்த தடம் எங்கும் இல்லை. குவியலின் அடியில் புல் மடங்காமல், முளைத்தது முளைத்தபடி நின்றது, மேலே அத்தனை பாரமும் இல்லாததுபோல.

"இதக் கட்டவே நாலு ஆளுக்கு அரை நாள் ஆச்சும்மா. கலைக்காம நகர்த்த முடியாது" என்றார். பிறகு, "நாந்தான் எடத்த மறந்திருப்பேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை.

"இப்பவே கொளுத்திட முடியாதா?"

"இந்த வறட்சியிலயா? ஒரு பொறி போதும், உங்க வீடு, மலை எல்லாம் சேந்து போயிடும். மழை வரட்டும். அதுவரைக்கும் அதுக்குப் பக்கத்துல போகாதீங்க."

"ஏன்?"

"பாம்பு கீம்பு இருக்கும்" என்றார் மேஸ்திரி, வண்டியை உதைத்துக்கொண்டே.

அதன்பின் அவளுக்கு வேலை ஓடவில்லை. பல்லை மெழுகில் நடுவாள், எழுந்துபோய் ஜன்னலைப் பார்ப்பாள், வந்து உட்காருவாள், நட்டது கோணலாக இருக்கும், பிடுங்குவாள். தலையைக் குனிந்து மோட்டாரை ஓடவிட்ட மாத்திரத்தில், அதன் கிறீச்சொலிக்கு அடியில், காய்ந்த இலை மண்ணில் உரசும் அந்த நீண்ட சரசரப்பு தொடங்கும். விரலை எடுத்தால் அது ஒரு மூச்சு நேரம் பிந்தி நிற்கும், ஓட்டப் பந்தயத்தில் ஒருவர் நின்றதும் மற்றவர் ஓரடி கூடுதலாக வைத்து நிற்பதுபோல. ஜன்னலை அடைத்துப் பார்த்தாள். புழுக்கம் தாளவில்லை. திறந்தால் வாடை. வெட்டிய மரத்துக்கு உரிய பிசின் வாடை அல்ல. நெடுநாள் நோயில் கிடந்தவரின் போர்வையை உதறினால் வருமே, உடம்பின் வெதுவெதுப்பு இன்னும் ஆறாத ஒரு வாடை, அது.

இன்னொரு குவியலும் வேலியைத் தாண்டியது. பிறகு துணி காயவைக்கும் கொடிக்கு அந்தப் பக்கம் ஒன்று. கொடியில் கிடந்த அவளுடைய சட்டையை எடுக்கப் போனபோது அதைக் காணவில்லை. காற்றில் பறந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று காற்றே இல்லை.

காற்று வந்தது வார இறுதியில். வந்ததென்றால் சும்மா வரவில்லை. அடுப்புக் கதவைத் திறந்துவிட்டதுபோல் விடியலிலேயே மலைமேல் இருந்து இறங்கியது. மலைக்கு அந்தப் பக்கம் எங்கோ தீப்பிடித்துக்கொண்டதென்று புருஷன் பல்கூடத் துலக்காமல் லாரியை எடுத்துக்கொண்டு போனான். காற்றில் கம்பிகள் உரசி நெருப்பு விழக்கூடாதென்று மின்சாரத்தையும் நிறுத்திவிட்டார்கள். மதியம் போனில் அவன் குரல் புகையில் கம்மியிருந்தது.

"நீயும் அம்மாவும் துணிமணிய எடுத்து வெச்சுக்குங்க. சாயந்திரம் நானே வந்து அக்கா வீட்ல விட்டுடறேன்."

"சீக்கிரம் வாங்க."

"தீ இங்கிட்டு வராது. பயப்படாத."

"தீயப் பத்திப் பேசல நான்" என்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

பொழுது சாயச் சாய வானம் செம்புப் பாத்திரத்தின் அடிபோல ஆனது. இரண்டு பைகளைக் கட்டி வாசலில் வைத்தாள். அறை அறையாகப் போனாள். பின்னறை ஜன்னலில் வெளிச்சம் வரவில்லை; முழுக்கக் கிளைகள். சமையலறை ஜன்னலிலும் கிளைகள். பக்கவாட்டு ஜன்னலில், சாலைக்குப் போகும் பாதை இருக்க வேண்டிய இடத்தில், ஒன்று நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதுவும் அசையவில்லை. இந்தக் காற்றில் தென்னை அளவு மரங்களே வளைந்து ஆடின. குவியல்களில் ஓர் இலை ஆடவில்லை.

மெழுகு உருக்கும் ஸ்பிரிட் விளக்கு மேசையில் இருந்தது. தீக்குச்சியை எடுத்தாள். ஒன்றே ஒன்று போதும். ஜன்னல் வழியே எறிந்தால் போதும். வீடும் போகும், மலையும் போகும், மேஸ்திரி சொன்னது சரிதான்; ஆனாலும் கை உரசிவிட்டது. சுடர் எழுந்தது.

வெளியே எல்லாச் சத்தமும் நின்றது.

காற்றும்கூட. வீட்டைச் சுற்றிலும் ஏதோ ஒன்று அந்தச் சுடரை நோக்கிக் கழுத்தை நீட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக் காத்திருந்தது. அதற்குத் தீ வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. பயந்துபோய் ஊதி அணைத்தாள்.

வெளியே ஒரு பெருமூச்சு.

அப்போது போன் அடித்தது. புருஷன்.

"பாதை அடைபட்டிருக்கு. இன்னும் மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கேன். காலைலதான் வர முடியும். அம்மாகிட்டச் சொல்லிடு."

கூடத்தில் தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டது.

"எம் புள்ள வந்துட்டான்" என்றாள் மாமியார். குரலில் அத்தனை சந்தோஷம். "வாசல்லயே நிக்கிறான் பாரு, உள்ள வராம."

"அத்தை, திறக்காதீங்க."

திறந்துவிட்டாள்.

பின்னறையிலிருந்து அவள் வாசலுக்கு ஓடினாள். பை காலில் இடறியது. எழுந்தாள். வாசற்படிக்கு வெளியே மாமியார் நின்றிருந்தாள், முகத்தை அண்ணாந்து. எதிரே அது. ஆள் அகலம். ஆள் உயரத்துக்கு மேல். மாமியாரின் வலது கை முழங்கை வரை கிளைகளுக்குள் போயிருந்தது.

"என்னடா இப்படி இளைச்சுட்ட" என்று உள்ளே எதையோ தடவிக்கொண்டிருந்தாள். "எலும்பும் தோலுமா இருக்கியே."

"அத்தை. அது அவரில்ல. கையை எடுங்க."

மாமியார் திரும்பினாள். மங்கிய கண்கள் அவளைத் தேடின. சிரிப்பு மெல்லக் கலைந்தது.

"பொண்ணே. விட மாட்டேங்குறான்."

அவள் மாமியாரின் தோளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். உள்ளிருந்து இளஞ்சூடு முகத்தில் அடித்தது. போர்வை வாடை. ஒரு கிளை அவள் மணிக்கட்டைச் சுற்றியது, அவசரமே இல்லாமல். இன்னொன்று. பின்னால் சரசரப்பு. மோட்டார் ஓடவில்லை. யாரும் எதையும் மறைக்கத் தேவையில்லை இனி. எல்லாப் பக்கமும் சரசரப்பு. பிறகு இருட்டு.

மழைச் சத்தத்தில்தான் நினைவு வந்தது.

நல்ல மழை, நின்று பெய்து ஓய்ந்துகொண்டிருந்தது. சாம்பல் நிற வெளிச்சம் இடுக்குகளில் கசிந்தது. கையை அசைக்க முடியவில்லை. காலை அசைக்க முடியவில்லை. மாமியாரின் விரல்கள் அவள் விரல்களைக் கோத்திருந்தன. அவை மட்டும் மெல்ல அழுத்தின. உயிரோடுதான் இருக்கிறாள். கிளைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி. அதன் வழியே வேலி தெரிந்தது, வேலிக்கு அப்பால், தள்ளி, வீடு தெரிந்தது. குவியல்கள் பழைய வரிசைக்கே திரும்பியிருந்தன.

காலடி ஓசை. பேச்சு.

"பாத்தியா, எல்லாம் வெச்ச எடத்துலயேதான் இருக்கு" என்றார் மேஸ்திரி. நிம்மதி தெரிந்தது குரலில்.

"அவளுக்கு அன்னைக்கு ஏதோ மனப்பிரமை" என்றான் அவள் புருஷன். இவ்வளவு பக்கத்தில். "இப்பச் சரியாயிட்டா. நான் வந்ததிலேருந்து வீட்ல ஒரே அமைதி. மாமியார் மருமக ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. சாப்புடக்கூட மாட்டேங்குறாங்க, ஜன்னல்கிட்டயே நிக்கிறாங்க. ரொம்பப் பயந்துட்டாங்க போல."

"போகப் போகச் சரியாயிடும். இப்பக் கொளுத்திட்டா அவங்களுக்கும் நிம்மதி."

கூப்பிட்டாள். முழு பலத்தையும் கூட்டிக் கூப்பிட்டாள். வாய்க்குள் சருகு சரசரத்தது. நாக்கு எது, சருகு எது என்று அவளுக்கே தெரியவில்லை.

"உள்ள ஏதோ ஓடுது" என்றான் புருஷன்.

"இரு, பாத்துடறேன். முயல் கியல் இருந்தா பாவம்."

மேஸ்திரி மண்டியிட்டார். டார்ச் வெளிச்சம் கிளை கிளையாக நகர்ந்து, இடைவெளிக்குள் நுழைந்து, அவள் முகத்தில் விழுந்தது. கண் கூசியது. அவர் அவள் கண்களுக்குள்ளேயே பார்த்தார். மிகக் கவனமாக, வெகுநேரம்.

"ஒண்ணுமில்ல. சருகுதான்" என்று எழுந்தார்.

எண்ணெயில் நனைத்த பந்தத்தின் வாடை வந்தது. மாமியாரின் விரல்கள் இறுகின. இடைவெளியின் வழியே, வீட்டின் பின்னறை ஜன்னலில், இரண்டு உருவங்கள் நிற்பது தெரிந்தது. குட்டையான ஒன்று, மாமியாரின் சால்வையைப் போர்த்தியிருந்தது. உயரமான ஒன்று, கொடியில் காணாமல்போன அவளுடைய சட்டையை அணிந்திருந்தது. முகங்கள் இருந்தன. அந்தத் தூரத்துக்கு முகங்கள் போதுமானவையாக இருந்தன.

"அதோ பாக்குறாங்க" என்று அவள் புருஷன் ஜன்னலைப் பார்த்துக் கையாட்டினான்.

உயரமான உருவம் யோசித்தது. பிறகு கையைத் தூக்கிக் கண்ணாடியில் வைத்தது. விரல்கள் ஒரே நீளத்தில் இல்லை. ஒன்றின் நுனியில் இன்னும் பச்சை மாறாத ஓர் இலை இருந்தது. அந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, அவன் செய்ததைப் பார்த்துப் பார்த்து, அது கையாட்டப் பழகிக்கொண்டிருந்தது.