ஒற்றை அறையின் ரேடியேட்டர்

கம்ஷாத் காலையில் தன் கையாலேயே திறந்துவைத்த ரேடியேட்டர் வால்வு மதியம் பார்த்தபோது மறுபடியும் மூடிக்கிடந்தது. சுவரோரம் ஓடிய வெந்நீர்த் தாய்க்குழாய் கை வைக்க முடியாதபடி கொதிக்க, அதிலிருந்து கிளைத்து அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மட்டும் விரல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு உறைந்திருந்தது. அதையொட்டிய கட்டிலில் ஆறு வயது மகள் ஐஸெரே காய்ச்சலோடு இரண்டு போர்வைக்குள் சுருண்டு தூங்கினாள். ஒற்றை அறை வீடு, வேறெங்கே படுக்கவைப்பது? நிலக்கரிச் சுரங்கத்தில் வேலையிலிருந்த கணவனைப் போனில் கூப்பிட்டுக் கேட்டாள். வால்வைத் தொடவேயில்லை என்று எரிந்து விழுந்தான்.

குழாய் வேலைக்காரன் ஜக்ஸிலிக் அந்த வாரம் மூன்றாவது முறையாக வந்தான்.

"உங்க வீட்டுக்குன்னே என்னைய வேலைக்கு வெச்சிருக்காங்க போலிருக்குக்கா."

தாய்க்குழாயை அடைத்துவிட்டு வால்வைக் கழற்றினான். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. அடைப்பைத் தேடித் துவாரத்துக்குள் விரல் விட்டவன் வெடுக்கென்று உருவிக்கொண்டான். விரலைக் கால்சட்டையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். என்னவென்று அவள் கேட்டாள். புது வால்வை அவசரமாக முடுக்கினான், தாய்க்குழாயைத் திறந்துவிட்டான், ஸ்பானரைக்கூட எடுக்காமல் கிளம்பினான்.

"உள்ள அடைச்சிருக்கிற காத்தை எடுத்துவிடாமப் போனா எப்படிப்பா சூடேறும்?"

படியிறங்கியபடியே சொன்னான். "அந்தக் காத்துத் திருகைத் திறக்காதீங்கக்கா. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு எங்கயாவது போயிருங்க."

வெளியே மைனஸ் முப்பத்திரண்டு டிகிரி. எங்கே போவதாம்? அரைகுறை வேலை செய்துவிட்டு அறிவுரை வேறு. அவனைத் திட்டிக்கொண்டே அவன் விட்டுப்போன ஸ்பானரால், ரேடியேட்டரின் மேல்முனையில் காற்றை வெளியேற்றும் சிறு திருகைத் தானே தளர்த்தினாள்.

புஸ்ஸென்று காற்று வந்தது. துரு வாடையில்லை, தூங்கி எழுந்தவர் வாயின் வெதுவெதுப்பான வாடை. காற்றுக்குப் பின் தண்ணீர் வரவேண்டும். வாளியைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

காற்று நின்றது.

பிறகு உள்ளே போனது. நிதானமாக, நீளமாக.

மறுபடி வெளியே வந்தது.

வாளி நழுவியது. திருகை முடுக்கினாள். அசையவில்லை. ஸ்பானரில் முழு உடம்பையும் சாய்த்தாள். அசையவில்லை. உள்ளிழுப்பு பலத்தது. திரைச்சீலை சாய்ந்தது.

"ஐஸெரே, எந்திரிம்மா."

குழந்தை எழவில்லை. தலையணையில் பரவியிருந்த அவள் மயிரிழைகள் ஒவ்வொன்றாக எழுந்து, அந்தத் துளையை நோக்கி நீண்டன. தளர்ந்தன.

மீண்டும் நீண்டன.