மச்சான் பிடித்த கயிறு

பழைய உப்புக் கிட்டங்கிக்குள் பெஞ்சுகளைப் போட்டு, ஒரு முனையில் வெள்ளைத்துணி கட்டி, சினிமாக் கொட்டகை என்று பெயர் வைத்திருந்தார்கள். வெளியே மத்தியான வெயில் கொளுத்தியது. ஜெயபாய் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார்கள். உப்புச்சாக்கின் ஈரவாடையும் பீடிப்புகையும் கலந்த இருட்டு. தட்டிக்கு இந்தப்புறம் பெண்கள் பக்கத்தில் அவளைத் தவிர யாருமில்லை.

நேற்றும் இப்படித்தான் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் படத்தை ஊரே காறித் துப்பியது. பாட்டில்லை, சண்டையில்லை. ஒருவன் சங்கு குளிக்கக் கல்லோடு கடலில் இறங்குவான். அப்புறம் தோணி விளிம்பிலிருந்து தண்ணீருக்குள் போகும் கயிறு மட்டும்தான். வெளிச்சம் மாறும், அலை மாறும், கயிறு அசையாது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இதைக் கவிதை என்றார். அவரையும் சேர்த்துச் சிரித்தார்கள்.

ஜெயபாய்க்குக் கவிதை தெரியாது. அந்தக் கயிற்றைப் பார்த்ததும் அடிவயிற்றிலிருந்து அழுகை கிளம்பியது. புருஷன் சந்தியாகு கடலில் செத்தபோதுகூட வராத அழுகை.

சங்கு குளிப்பவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும். கீழே இருப்பவன் அசைத்தால் உடனே மேலே இழுக்க வேண்டும். கூடப்பிறந்தவளின் தாலியை அறுக்க எவனுக்கு மனம் வரும் என்ற நம்பிக்கை. சந்தியாகுவின் கயிற்றைப் பிடித்தவன் அவள் அண்ணன் சிலுவை. "கயிறு அசையவே இல்ல. அசைஞ்சா இழுத்திருக்க மாட்டனா?" என்று மாதாமேல் ஆணையிட்டான். அவன் போடும் சோற்றைத் தின்பவள் நம்பாமல் என்ன செய்வாள்?

தட்டியை விலக்கிக்கொண்டு சிலுவை வந்தான்.

"ஏளா, ஊரே சிரிக்கு. எந்திரி."

"முடியட்டும்ண்ணே. உக்காரு."

முனகிக்கொண்டே உட்கார்ந்தான். திரையில் கயிறு வந்தது.

"ஏலே, பாட்டப் போடுலே!" தட்டிக்கு அந்தப்புறம் ஆம்பிளைகள் கத்தினார்கள்.

"கயித்துல துணியாவது காயப்போடுங்கலே!"

சிலுவையும் சிரித்தான். விசிலடித்தான்.

கயிறு அசைந்தது.

ஜெயபாய் நிமிர்ந்தாள். நேற்று அசையாத கயிறு.

மறுபடியும் அசைந்தது. வெட்டி வெட்டி இழுத்தது.

அந்தப்புறம் ஊளை ஓயவில்லை. சிலுவையின் சிரிப்பு மட்டும் நின்றுபோனது. மடியில் அவன் கைகள் எதையோ பிடித்திருப்பதுபோல் மூடியிருந்தன. விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது.

"இழுண்ணே" என்றாள் மெதுவாக.

"கொஞ்சம் தவிக்கட்டும்னுதான் விட்டேன்..." அவன் குரல் கரகரத்தது. "மூச்சடக்க என்னை விட்டா ஆளில்லன்னு பீத்திக்கிட்டே இருந்தான். தோணியில எல்லாரும் சிரிச்சாவ. நானும்..."

வாயிலிருந்து தண்ணீர் வந்தது. கடல் தண்ணீர்.

கண்கள் பிதுங்க, இருட்டில் துழாவி அவள் கையைப் பற்றினான். வெட்டி வெட்டி இழுத்தான்.

ஒரு குரல் கொடுத்தால் போதும், ஓடி வந்திருப்பார்கள். அவள் கொடுக்கவில்லை. முகத்தைக்கூடத் திருப்பவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிடி தளர்ந்தது.

மாரடைப்பு என்றார்கள். வேட்டி ஏன் நனைந்திருந்தது என்று சொல்ல ஒருவருக்கும் துப்பில்லை.

அடக்கம் முடிந்த மறுநாளே ஜெயபாய் கொட்டகைக்குப் போனாள். பார்த்தவர்கள் ஏசினார்கள். ஏசட்டும். அதே பெஞ்சு, அதே உப்புவாடை. திரையில் தோணி வந்தது.

விளிம்பில் இரண்டு கயிறுகள்.

ஒன்று அசையவில்லை. மற்றது துடித்துக்கொண்டிருந்தது.

"பாட்டப் போடுலே!" என்று எவனோ கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். ஜெயபாயும் சிரிக்க வாய் திறந்தாள்.

மடியில் அவள் கைகள் தாமாக மூடிக்கொண்டன.

விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது.