உத்தரவு வராத காலை

அன்று காலை எட்டரை மணிக்குப் பள்ளி வாசலில் இருந்தவர்கள் ஆறு பேர். காவலாளி, ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள் குருவி, வேன் ஓட்டும் அண்ணன், அவர் வேனில் வந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர். வேறு யாரும் இல்லை.

முந்தின நாள் நாட்டின் பெரிய தலைவர் ஒருவர் காலமாகிவிட்டார். இன்று தேசிய துக்க நாள் என்று காலையில் அறிவித்தார்கள். துக்கம் என்றால் பள்ளிக்கு விடுமுறைதான் என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. ஆசிரியர்களைக்கூடக் காணோம்.

வேன் அண்ணனுக்கு விஷயமே வழியில்தான் தெரிந்தது.

"லீவாமே பாப்பா! இவங்களைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுடறேன்."

"வீட்டுல யாருண்ணா இருக்காங்க?" என்று கேட்டாள் குருவி.

அண்ணன் தலையைச் சொறிந்தார். "அட ஆமா! மூணு வீடும் பூட்டிக்கிடக்கு. எல்லாரும் வேலைக்குப் போயாச்சு. போனையும் எடுக்கல."

பிள்ளைகளில் ஒருத்தி உதட்டைப் பிதுக்கினாள். "அக்கா, ஸ்கூல் செத்துப்போச்சா?"

"சேச்சே! எவ்வளவு கெட்டியா நிக்குது பாரு!" என்று குருவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அப்பாவிடம் போனாள். "கதவைத் திறங்கப்பா. இவங்க எங்க போவாங்க?"

காவலாளி விறைப்பாக நின்றார். இருபது வருட வேலையில் யாரிடமும் ஒரு குறைச்சொல் வாங்காதவர் அவர்.

"விடுமுறை நாள்ல உத்தரவு இல்லாம இந்தப் பூட்டை நான் தொட்டதில்லம்மா. தலைமையாசிரியை போனை எடுக்கல. நானா திறந்துட்டு, துக்க நாளை மதிக்கலன்னு பேர் வந்தா? வேலையும் போகும், மானமும் போகும்."

குருவி கொஞ்சம் யோசித்தாள்.

"நேத்து திறக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சாப்பா?"

"நேத்து பள்ளிக்கூட நாள். அதுக்கு எதுக்கு உத்தரவு?"

"இன்னைக்கு மூடச் சொல்லி வந்துச்சா?"

"வரல."

"அப்போ இன்னைக்கும் பள்ளிக்கூட நாள்தானேப்பா?"

காவலாளி மகளை ஏற இறங்கப் பார்த்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பூட்டைத் திறந்து, இரண்டு கதவுகளையும் அகலமாகத் தள்ளினார்.

"பார்றா! வக்கீலைப் பெத்து வச்சிருக்காரு!" என்றார் வேன் அண்ணன்.

குருவி பிள்ளைகளை வகுப்பில் உட்காரவைத்துப் படம் வரையச் சொன்னாள். அரை மணி நேரத்தில் தலைமையாசிரியை மூச்சு வாங்க வந்தார். கையில் கல்வி அலுவலகத்தின் தாள்.

"விடிஞ்சதிலிருந்து இதுக்காக அங்கதான் நின்னேன். கொடி அரைக்கம்பத்துல பறக்கணும். ரெண்டு நிமிஷம் மௌனம். பள்ளி வழக்கம்போல நடக்கும்." திறந்திருந்த கதவைப் பார்த்தவர் வியந்துபோனார். "யார் சொல்லித் திறந்தீங்க?"

"மூடச் சொல்லி உத்தரவு வந்துச்சான்னு என் மகள் கேட்டா. நியாயமா இருந்துச்சு."

தலைமையாசிரியை குருவியின் தோளில் கைவைத்தார். "நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது."

அதிகாரி ஒருவர் வந்து அதட்டியதால்தான் காவலாளி கதவைத் திறந்தார் என்று ஒரு பேச்சு தெருவில் இன்னும் இருக்கிறது. பொய். அதிகாரி எவரும் வரவில்லை. குருவி கேட்டாள், அவள் அப்பா திறந்தார்.