ஜெனவியேவ் விட்ட இடைவெளி

ஜெனவியேவ் அனுப்பிய ஒலிப்பதிவில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

பேர்ளிக்கு எரிச்சல்தான் வந்தது. ஜெனவியேவ் ஒபெரா இசைநாடகக் குழுவின் செக் மொழிப் பயிற்சியாளர். ஒரு வரியைச் சொல்வாள், திருப்பிப் பாட இடைவெளி விடுவாள். அந்த இடைவெளியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் மனுசர் எப்படிப் பழகுவது? வருடக்கணக்காகக் கோரஸின் பின்வரிசையில் நின்ற பேர்ளிக்கு, தனிப்பாடகி தொண்டை கட்டிப் படுத்ததால் நாளைக்கு ஒத்திகை. சரியாகப் பாடினால் வேடம் அவளுக்கு. சொதப்பினால் பழையபடி பின்வரிசை.

ஏதோவொரு சரித்திர நாவலை ஒபெராவாக்கியிருந்தார்கள். மடத்துச் சுவருக்குள் உயிரோடு வைத்துக் கட்டப்பட்ட கன்னியாஸ்திரி உள்ளேயிருந்து பாடும் கடைசிப் பாட்டு அது. வாய்க்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு மொழி. கீழே பாரிஸின் லா சப்பல் தெருக் கடைகளின் ஷட்டர்கள் கடகடவென்று இறங்க, படிக்கட்டால் கருவாட்டுப் பொரியல் மணம் ஏறிவர, பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் அவள் இருந்த கதிரையின் நிழல் சுவரில் நீண்டு சுருங்க, அவள் மூன்றாம் வரியிலேயே முட்டிக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருமப்பா, எத்தினை தரம் உதையே பிழையாப் பாடுவீர்?" குசினியிலிருந்து கணவன் அம்புறோஸ் கேட்டான்.

"நீங்கள் சோத்தைப் பாருங்கோ!" என்று சீறினாள்.

மறுபடி போட்டாள். ஜெனவியேவ் வரியைச் சொன்னாள். இடைவெளி. மூச்சு. பேர்ளி வாய் திறக்குமுன் ஒரு பெண்குரல் அதே வரியைப் பாடியது. துளி பிசகில்லை.

கைபேசியின் சத்தத்தைக் குறைத்தாள். ஜெனவியேவின் குரல் குறைந்தது. மற்றது குறையவில்லை.

கைபேசியையே நிறுத்தினாள். அடுத்த வரி வந்தது.

பயம்தான். ஆனால் ஆத்திரம் அதை முந்திக்கொண்டது. இவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்த பாட்டை எவளோ ஊதித் தள்ளுகிறாள்!

"அப்ப நீயே பாடன்!" என்று கத்தினாள்.

குரல் நடுவரியில் நின்றது.

பிறகு பாட்டு. முழுப் பாட்டு. பேர்ளியின் குரலில்.

நிறுத்தச் சொல்ல வாயெடுத்தாள். சத்தம் வரவில்லை. இருமினாள். இல்லை. மேசையில் ஓங்கி அடித்தாள். கையில் பட்டது மேசையல்ல. ஈரக் கல். முன்னால் கல். முதுகில் கல். முகத்துக்கு நேரே மட்டும் ஒரு கல்லளவு ஓட்டை, அதற்கப்பால் வெளிச்சமான அவளுடைய அறை.

அம்புறோஸ் கையைத் துடைத்தபடி வந்து கதிரையில் பேர்ளியின் உருவில் இருந்தவளின் தோளைத் தட்டினான். "இப்பதானப்பா சரியா வந்திருக்கு. வாரும், சாப்பிடுவம்."

"ஓம், வாறன்."

அவன் போனான். கதிரையில் இருந்தவள் எழுந்து ஓட்டையருகே வந்தாள். சுண்ணாம்பு அப்பிய கையில் கடைசிக் கல். விரலில் பேர்ளியின் கலியாண மோதிரம்.